கத்தரியக்கா ஒலிவாங்கி கைப்பற்றிய படலம்

வாழ்க கத்தரியக்கா! அளவுநாடாவை ஆரமென அணிந்தவள், குண்டூசிகளைப் பல்லிடைப் பற்றியபடியே பத்துப் பேருக்குப் பதில் சொல்பவள், கிழிசல் எங்கிருந்தாலும் கண்ட கணமே கண்டுகொள்ளும் கண்ணினள், நீண்டு தொங்கும் துணியையும் நீண்டு தொங்கும் பேச்சையும் ஒரே வீச்சில் வெட்டியெறியும் கையினள். அதனாலன்றோ அவளுக்குத் தெருவார் இட்ட பேரும் அதுவாயிற்று! அவளுடைய தையற்கடை வாசலில் நின்று, "அது வந்துக்கா, என்ன ஆச்சுன்னா..." என்று இழுக்கத் தொடங்கியவர் எவரும், "உசரம் எவ்வளவு குறைக்கணும்? அத மட்டும் சொல்லு" என்னும் சொல்லம்பு தைக்காமல் வீடு திரும்பியதில்லை. அத்தகையாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பள்ளிக்கூடத்துப் பெருங்கூடத்தில், முந்நூறு மடக்கு நாற்காலிகள் சாட்சியாக, தொகுதியின் உறுப்பினர் வாயிலிருந்து ஒரேயொரு சொல்லைப் பிடுங்கிய பெரும்போரைப் பாடத் துணிந்தோம். மொழியன்னையே, எம் பக்கம் நில். உறுப்பினர் பக்கம் போகாதே, அங்கே உன் பிள்ளைகள் ஏற்கெனவே அளவுக்கு மீறிக் குவிந்து கிடக்கிறார்கள்.

போருக்குக் காரணமானது ஒரு பேருந்து. ஆற்றுப்பாலத்தைக் கடந்து அக்கரைக்கும் இக்கரைக்கும் ஓடும் அந்தச் சக்கரத்தேர், மாலை ஆறு மணி அடித்ததும் ஓய்ந்துபோய்ப் பணிமனையில் படுத்துவிடும். கத்தரியக்காவின் தங்கையோ அக்கரை மருத்துவமனையின் சலவைக்கூடத்தில், மலையெனக் குவிந்த படுக்கை விரிப்புகளோடு பகலெல்லாம் மல்லுக்கட்டி, ஏழு மணிக்குத்தான் வெளியே வருவாள். வந்தபின் ஒன்றரை மணி நேரம் நடப்பாள். நடந்து வந்தவள் முதலில் தரையில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொள்வாள். சற்று நேரம் எவரோடும் பேசமாட்டாள். பேச்சை வெட்டுவதே தொழிலாய்க் கொண்ட அக்காவுக்கு அந்த மௌனத்தை மட்டும் வெட்டத் தெரியவில்லை.

பேருந்தை ஒன்பது மணிவரை ஓட்டவேண்டும் என்றொரு தீர்மானம் சட்டமன்றத்துக்கு வந்தது. ஆதரித்தோர் நாற்பத்தொருவர், எதிர்த்தோர் நாற்பத்திருவர். ஒற்றை வாக்கில் பேருந்து வீழ்ந்தது.

வீழ்ந்த மறுவாரமே வீடுதோறும் வந்திறங்கியது உறுப்பினரின் மாதாந்தர 'மக்கள் மடல்'. வழவழப்பும் வண்ணமும் கொண்ட அவ்வேட்டின் முகப்பில், பேருந்தின் படிக்கட்டில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக, நாடுகளை வென்று மீளும் வேந்தன்போல உறுப்பினர் கையசைத்து நின்றார். கீழே எருமைத்தலை அளவு எழுத்தில் எழுதியிருந்தது: மாலைப் பேருந்துக்காக மன்றம் அதிர முழங்கினேன்!

"அக்கா, இவரு நமக்காக முழங்குனாராமே?" என்றாள் தங்கை.

"முழங்குனது இருக்கட்டும். ஓட்டு எந்தப் பக்கம் போட்டாரு?" என்றாள் அக்கா.

அக்கேள்வியை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினாள். பதினைந்தாம் நாள் பதில் வந்தது: தங்கள் மேலான கருத்துக்கு நன்றி, இத்துடன் மக்கள் மடல் இணைக்கப்பட்டுள்ளது. மீண்டும் எழுதினாள், மீண்டும் நன்றி, மீண்டும் மடல். மூன்றாம் முறை எழுதியபோது நன்றியோடு கையெழுத்திட்ட புகைப்படமும் வந்தது. கத்தரியக்கா அதைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாய் இருந்ததால் அதில் யாரோ ஒருத்தியின் இடுப்பளவைக் குறித்துக்கொண்டாள்.

அதன்பின் கடையைப் பூட்டினாள், நூலகம் புகுந்தாள். எவரும் தொடாமையால் தூசே போர்வையாய்த் துயின்ற அவைக் குறிப்பேடுகளை எழுப்பி, ஆடை விளிம்பில் தையல் விட்டுப்போன இடம் தேடும் அதே விரலால் பெயர்ப்பட்டியலை வரிவரியாய்த் தடவிச் சென்றாள். ஆதரித்தோர் நிரலில் அவர் பெயர் இல்லை. எதிர்த்தோர் நிரலில், முப்பத்தேழாவதாக, அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருந்தது. பக்கத்திலேயே சாம்பல் நிறத்தில் மெல்லிய நூலொன்றும் கிடந்தது. அதையும் எடுத்துப் படித்தாள். படித்ததும் அவள் புருவம் வில்லென வளைந்தது. அதில் கண்டதைத் தங்கைக்குக்கூட அவள் சொல்லவில்லை. எனவே நாமும் இப்போது சொல்லோம்.

விடிந்தது ஞாயிறு. உறுப்பினர் மாதமொருமுறை மக்களைச் சந்திக்கும் கூட்டம் கூடிற்று. எதிரியை இகழ்தல் காவியத்துக்கு அழகன்று. ஆதலால் உள்ளதைச் சொல்வோம். உறுப்பினர் கெட்டவர் அல்லர். பருத்த தோளும் பழுத்த சிரிப்பும் உடையவர். எந்த வீட்டில் யார் படுத்துவிட்டாலும் ஆஸ்பத்திரி வாசலில் முதல் ஆளாய் நிற்பவர். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது என்பதை அன்னை வயிற்றிலேயே மறந்துவிட்டுப் பிறந்தவர். அவருக்கு வலப்புறம், கோட்டைவாசற் காவலன்போல, கருநிற ஒலிவாங்கியை நெஞ்சோடு அணைத்து நின்றார் அவருடைய செயலாளர். மக்கள் மடலின் மறைமுக ஆசிரியர் அவரே. கேள்வி கேட்போரிடம் ஒலிவாங்கியை நீட்டுவார், ஆனால் விடமாட்டார். கேள்வி முடியுமுன் அது அவர் கைக்கே திரும்பியிருக்கும். முன்வரிசையில், மடியில் கைப்பையும் முகத்தில் இருபத்தெட்டாண்டுப் பொறுமையுமாக, உறுப்பினரின் மனைவி வீற்றிருந்தார்.

முழங்கினார் உறுப்பினர். ஐம்பது நிமிடம் முழங்கினார். நன்றியென்னும் நதி கடந்து, சாதனையென்னும் மலை ஏறி, எதிர்காலம் என்னும் பாலைவனத்தில் தண்ணீர் காட்டி முடித்து அமர்ந்தபோது, மூன்றாம் வரிசையில் முதியவர் இருவர் உறக்கத்தில் வீரமரணம் எய்தியிருந்தனர். "கேள்வி இருந்தா கேளுங்க" என்றார் செயலாளர், இல்லையென்று சொல்லுங்கள் என்னும் குரலில்.

எழுந்தாள் கத்தரியக்கா.

"சார், மாலை பஸ் தீர்மானத்துக்கு நீங்க ஆமான்னு ஓட்டுப் போட்டீங்களா, இல்லைன்னு போட்டீங்களா?"

ஒலிவாங்கி மின்னலென மீண்டது. உறுப்பினர் எழுந்து, "அருமையான கேள்வி!" என்றார், அதன் அருமையைப் பத்து நிமிடம் விளக்கினார். பேருந்து என்பது யாது, அதைக் கண்டுபிடித்தவர் யார், தாம் சிறுவயதில் அதில் தொங்கிக்கொண்டு போனதும் விழுந்ததும் எவ்வாறு என்றெல்லாம் வில்லை வளைத்து வளைத்து வானத்தை நோக்கியே எய்தார். கூட்டம் கைதட்டியது. கத்தரியக்கா உட்காரவில்லை.

"ஆமாவா, இல்லையா சார்?"

இப்போது ஒலிவாங்கி இல்லை. ஆயினும் பத்தாண்டுகளாய்த் தையல் எந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரலுக்கு ஒலிவாங்கி எதற்கு? கடைசி வரிசைக்கும் கேட்டது. உறுப்பினர் புள்ளிவிவரம் என்னும் யானைப்படையை ஏவினார்: இத்தனை கிலோமீட்டர் சாலை, இத்தனை தெருவிளக்கு. யானைகள் கடந்துபோகும்வரை நின்றாள். புன்னகை என்னும் குதிரைப்படை வந்தது, அதற்கும் நின்றாள். "இந்தம்மா ரொம்ப ஆர்வமா இருக்காங்க, தனியா வந்து பாருங்கம்மா" என்னும் காலாட்படை வந்தது. அப்போது அவள் நின்ற இடத்தை விட்டு நடக்கத் தொடங்கினாள்.

அந்தோ, அந்த நடையை எவ்வாறு உரைப்போம்! நாற்காலி வரிசைகளின் குறுகிய கணவாய் வழியே, முழங்கால்களையும் கைப்பைகளையும் தாண்டி, மதகு திறந்த வாய்க்கால்போல் நேரே வந்தாள். செயலாளர் ஒலிவாங்கியை முதுகுப்புறம் மறைத்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒலிவாங்கியின் கம்பி தரையில் பாம்பெனப் படுத்திருப்பதைப் பார்த்தாள். குனிந்தாள். கம்பியைப் பற்றினாள். எந்திரத்தில் சிக்கிய நூலை அறுபடாமல் வாங்கும் நுட்பத்தோடு முழம் முழமாய் இழுத்தாள். செயலாளர் ஓரடி பின்வாங்கினார், ஈரடி முன்வந்தார், மேடைமேசையின் காலைச் சுற்றி ஒரு வலம் வந்தார், தம் கம்பியில் தாமே சிக்கினார். ஒலிவாங்கியும் 'கீ'யென்று வீறிட்டு, மாண்ட வீரர் இருவரையும் உயிர்ப்பித்து எழுப்பி, அவள் கைக்கு வந்து சேர்ந்தது. கூடம் ஆர்ப்பரித்தது. கத்தரியக்கா அரங்கை நோக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வென்ற கருவியை உறுப்பினரிடமே நீட்டினாள்.

"எனக்கு வேணாம் சார். நீங்களே வச்சுக்கிட்டு ஒரு வார்த்த சொல்லுங்க. என் தங்கச்சி அங்க உக்காந்திருக்கா. சலவைக்கூடத்துல வேல. தினம் ஒன்றரை மணி நேரம் நடந்து வர்றா. அவளுக்குச் சொல்லுங்க."

உறுப்பினர் தங்கையைப் பார்த்தார். தங்கைக்கு வெட்கம், கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். அந்தக் கால்களையும் உறுப்பினர் பார்த்தார். வாய் திறந்தார். அதிசயத்திலும் அதிசயம்! ஐம்பது நிமிடம் அடைமழையாய்ப் பொழிந்த வாயிலிருந்து ஒரு துளி விழவில்லை.

அப்போது முன்வரிசையில் கைப்பை 'டப்'பென்று மூடும் ஒலி கேட்டது.

"என்னங்க, சொல்லித் தொலைங்க. ரெண்டு மாசமா வீட்ல தூக்கத்துல புலம்புறத இங்க புலம்புனா என்ன?"

தோள்கள் தாழ்ந்தன, சிரிப்பு உதிர்ந்தது. உறுப்பினர் ஒலிவாங்கியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, அவ்வளவு நேரமும் எவரும் கேட்டிராத ஒரு சின்னக் குரலில் சொன்னார்:

"தாகமா இருந்துச்சும்மா. சட்டமன்றத்தோட பழைய கூடத்துல வலப்பக்கம் ஒரு செவப்பு பொத்தான் இருக்கும், அமுக்குனா தண்ணி கொண்டுவருவாங்க. இப்ப மன்றம் நடக்குறது புதுக் கூடம். கண்ணாடிய வேற கார்லயே விட்டுட்டேன். அமுக்குனேன். தண்ணி வரல. எதிர்ப்புன்னு பதிஞ்சிருச்சு. எந்திரிச்சு, 'ஐயா, தப்பா அமுக்கிட்டேன்'னு சொல்ல அந்த நேரம் எனக்கு வெக்கமா போச்சு. நான் ஒருத்தன் சொல்லியிருந்தா பஸ் ஓடியிருக்கும்."

பின்வரிசையில் யாரோ, "தண்ணிக்கு ஆசப்பட்டு பஸ்ஸ குடிச்சிட்டாரேப்பா!" என்றார். எழுந்தது சிரிப்பு, கடல் பொங்கிற்று, கூரைத்தகடு அதிர்ந்தது. மனைவி கைப்பையால் வாயை மூடிக்கொண்டார். செயலாளர்கூட, கம்பி சுற்றிய காலோடு, சுவரைப் பார்த்துத் திரும்பிக் குலுங்கினார். சிரியாதவர் மூவரே: உறுப்பினர், தங்கை, கத்தரியக்கா.

கத்தரியக்கா இடுப்பில் செருகியிருந்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தாள். சாம்பல்நிற நூலில் கண்ட மறைபொருள் இப்போது வெளிப்பட்டது.

"அவை விதி நாப்பத்தொம்பது சார். தோத்துப்போன தீர்மானத்த அந்தக் கூட்டத்தொடருக்குள்ள மறுபடி ஓட்டுக்கு விடச் சொல்லலாம். ஆனா ஆதரிச்சவங்க கேக்க முடியாது. எதிர்த்து ஓட்டுப் போட்டவங்கதான் கேக்கணும். நாப்பத்திரண்டு பேர்ல எங்க பஸ்ஸுக்காகக் கேக்கக்கூடியவரு நீங்க ஒருத்தர்தான். நீங்க ஆமான்னு போட்டதா சொல்லிக்கிட்டே இருந்தீங்கன்னா இதுல கையெழுத்துப் போட முடியாது. வியாழக்கிழமையோட கூட்டம் முடியுது. அதுக்காகத்தான் கேட்டேன். உங்கள அசிங்கப்படுத்த இல்ல."

உறுப்பினர் தாளை வாங்கினார். கண்ணருகே கொண்டுபோனார், தூரத்தே பிடித்தார். மனைவி எழுந்து வந்து கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டிவிட்டார். வரிவரியாய்ப் படித்தார். படிக்கப் படிக்க, கார்மேகம் கலைந்த வானம்போல அவர் முகம் தெளிந்தது; தலைகுனிய வைத்த தப்பே தமக்குத் திறவுகோலானது கண்டு வியந்தார். "நான் எதிர்த்து ஓட்டுப் போட்டேன்!" என்று முழங்கினார், அவர் வாழ்நாளில் முழங்கியவற்றுள் மிகச் சிறியதும் மிக மெய்யானதும் அதுவே. கூடம் எழுந்து நின்று கைதட்டியது. கையெழுத்திட்டார். செயலாளர் தேதியைச் சரிபார்த்து, அதன் கீழே தம் முத்திரையையும் ஒருமுறைக்கு இருமுறை அழுந்தக் குத்தினார்.

புதன்கிழமை அவை கூடிற்று. கண்ணாடியணிந்த உறுப்பினர், குடிக்க ஒரு புட்டித் தண்ணீரைத் தாமே கொண்டுவந்து மேசைமேல் வைத்து, பச்சைப் பொத்தான் மேல் விரலை முன்கூட்டியே ஊன்றிக் காத்திருந்தார். ஆதரித்தோர் நாற்பத்திருவர், எதிர்த்தோர் நாற்பத்தொருவர். அடுத்த மாதத்து மக்கள் மடலில் படம் இல்லை, ஒரே பக்கம், சென்ற மாதம் அவைக்கு வந்த தீர்மானங்கள் பதினொன்று, அவற்றில் உறுப்பினர் எதற்கு ஆமென்றார், எதற்கு இல்லையென்றார் என்னும் பட்டியல் மட்டுமே இருந்தது. இரண்டுக்குத் தூங்கிவிட்டதாகவும் நேர்மையாய்க் குறித்திருந்தது.

வாகை சூடிய வீராங்கனைக்கு மாலை சூட்ட வந்தவர்களை, "எதுக்கு வந்தீங்க, தைக்கவா? இல்லன்னா வழிய விடுங்க" என்று அவள் விரட்டினாள். முதல் மாலைப்பேருந்து, இரு விளக்குகளும் இரு ஞாயிறெனச் சுடர, புழுதி கிளப்பி, ஒலியெழுப்பி, திசைகள் வணங்க, பாலம் நடுங்க, ஆற்றைக் கடந்து இக்கரை வந்து நின்று, தன் கதவுகளைப் புகழின் கதவுகளெனத் திறந்தது.

ஏழே முக்காலுக்குத் தங்கை வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டாள்.