கண்ணாடியின் நடுவே ஒரு கறை

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தங்கள் வீட்டில் பெரியவர்கள், சிறியவர்கள் எல்லோரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். அப்படி எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். உண்மை நிலவரம் கீழே வருகிறது.

விஷயம் வேறொன்றுமில்லை. தங்கள் அலுவலகத்துக்கு வந்துபோகும் வக்கீல்களில் நல்ல வாய் உள்ள ஒருவரை எனக்குப் பிடித்துத் தர வேண்டும். நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போடப்போகிறேன். எதிரி, கடைத்தெருவில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். வேலையில் இருந்த காலமெல்லாம் கடை கடையாக ஏறி எடைக்கல்லைச் சோதித்து முத்திரை குத்தியவன் நான் என்பது தங்களுக்குத் தெரியும். அடியில் துளை போட்ட கல், தட்டுக்குக் கீழே ஒட்டிய காந்தம், எல்லாவற்றையும் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் வீட்டுக்கே கெட்ட சரக்கைத் தள்ளிவிட்டிருக்கிறான் என்றால் அவனுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்க வேண்டும், சொல்லுங்கள்.

உங்கள் தங்கைக்கு ஊசியில் நூல் கோக்கச் சிரமமாயிருக்கிறது என்று நான்தான் அந்தக் கடைக்குக் கூட்டிப்போனேன். கம்ப்யூட்டர் பரிசோதனை இலவசம் என்று வாசலில் எழுதி வைத்திருக்கிறார்கள். உள்ளே இருட்டறையில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் இவளை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து எதிர்ச்சுவர்ப் பலகையைப் படிக்கச் சொன்னார். உங்கள் தங்கை சுபாவம்தான் தெரியுமே, வெளியாள் முன்னால் வாய் திறக்க மாட்டாள். மேல் வரியைப் படித்தாள், அடுத்ததில் தயங்கினாள், அப்புறம் பேச்சே இல்லை. நமக்குத்தான் பொறுக்காதே. பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நான் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்துக் காட்டினேன். பிறகு கோட்டுக்காரர் ஒவ்வொரு கண்ணாடியாக மாட்டி, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டார். இவள் யோசித்துக்கொண்டேயிருந்தாள். "முதல்ல போட்டதுதான் நல்லா இருக்கு" என்று நான் சொன்னேன். "அம்மா சொல்லட்டுமே சார்" என்றார். "அம்மாவுக்கு நான் சொன்னா அம்மா சொன்ன மாதிரிதான். டாக்டர்கிட்ட போனாலும் சரி, துணிக்கடைக்குப் போனாலும் சரி, எங்க வீட்ல பேசறது நான்தான்" என்றேன். மனிதர் எழுதிக்கொண்டார். இதில் என் பக்கம் ஏதாவது தப்பு இருக்கிறதா?

கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு தையல் மெஷினில் உட்கார்ந்தவள் கழற்றி முந்தானையால் துடைத்தாள். மறுபடி போட்டாள், மறுபடி துடைத்தாள். "ஏங்க, நடுவுல ஏதோ கறை இருக்குங்க. பார்க்கிற இடத்துல மட்டும் மங்கலா இருக்கு, சுத்தி எல்லாம் தெரியுது" என்றாள். நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன். எனக்குக் கறை தெரியவில்லை. ஆனால் அவள் இருக்கிறது என்றால் இருக்கும், இல்லாததைச் சொல்கிற பழக்கம் உங்கள் குடும்பத்திலேயே கிடையாது. அதற்குள் எதிர்வீட்டு டீச்சரம்மாவின் சட்டைக்கு இரண்டு பக்கமும் இடக்கையையே வைத்துத் தைத்துவிட்டாள். டீச்சரம்மா நல்ல மனுஷி, சிரித்துக்கொண்டே பிரித்துத் தைக்கக் கொடுத்துவிட்டுப் போனாள். பிரிக்கும்போது நூலோடு துணியையும் கத்தரித்துவிட்டாள். அதற்கடுத்த வாரம் மெஷின் ஊசி இவள் ஆள்காட்டி விரலில் இறங்கி நகத்தோடு மறுபக்கம் வந்தது. நான் சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றித்தான் எடுத்தேன். அவள் கத்தவில்லை. "துணியில ரத்தம் பட்டுடுச்சான்னு பாருங்க" என்றாள். ஒரு கெட்ட கண்ணாடியால் என்னவெல்லாம் ஆகிறது பாருங்கள் மச்சான்.

விடுவேனா. கடைக்குப் போய் ஒரு கை பார்த்தேன். முதலாளி லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, எங்களுக்குக் கறையே தெரியலையே" என்றார். "தெரிஞ்சா வித்திருக்க மாட்டீங்களே" என்றேன். கடையில் இருந்த ஜனங்கள் சிரித்தார்கள். மனிதர் முகம் சுண்டிப்போய்ப் புது லென்ஸ் போட்டுக் கொடுத்தார். வெற்றி என்று வீட்டுக்கு வந்தால் அதிலும் அதே இடத்தில் அதே கறை. மறுபடி போனேன். வேறு கம்பெனி லென்ஸ் போட்டார். அதிலும் கறை. ஊரில் உள்ள அத்தனை லென்ஸிலும் இவனிடம் வருகிறதில் மட்டும் நடுவில் கறை எப்படி வரும்? ஒரே தொழிற்சாலையில் கழித்துப்போட்ட சரக்கை மொத்தமாக வாங்கி அடுக்கியிருக்கிறான் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. கடைசியாகப் போனபோது முதலாளி எழுந்து நின்று, "ஐயா, குடுத்த காசு மொத்தத்தையும் வாங்கிக்குங்க, பிரேமும் உங்ககிட்டயே இருக்கட்டும். ஒரே ஒரு தடவை அம்மாவைக் கண் டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றார். எனக்கு வந்ததே கோபம். பொருள் கெட்டிருந்தால் வாங்கினவன் மேல் பழி போடுவது இவன்களுக்குக் கைவந்த கலை. என் சர்வீஸில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், எடைக்கல்லில் குறை இருக்கும், வாங்கினவர் வீட்ல சரக்கு காய்ஞ்சு எடை குறைஞ்சுபோச்சு சார் என்பான். "எம் பொண்டாட்டி கண்ணைப் பத்திப் பேச நீ யாருய்யா?" என்று கேட்டுவிட்டுக் காசைத் தொடாமல் வந்துவிட்டேன். எனக்குக் காசு முக்கியமில்லை, அவன் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த அநியாயத்தால் வீட்டில் நடக்கிறதைத் தாங்கள் நேரில் பார்த்தால் ரத்தக்கண்ணீர் வடிப்பீர்கள். டீயை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றுகிறாள். உப்பு சில நாள் இரட்டிப்பு, சில நாள் கிடையவே கிடையாது. நான் எதுவும் சொல்வதில்லை, குற்றவாளி கடையில் அல்லவா இருக்கிறான். தைக்கக் கொடுத்தவர்களிடமெல்லாம் துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மெஷினுக்கு மேல் போர்வை போட்டு மூடிவிட்டு அதன் பக்கத்திலேயே சும்மா உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை மச்சான். எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் கையில் தொழில் இல்லாவிட்டால் அவள் அவளாகவே இருக்க மாட்டாள். அதனால்தான் இந்த வழக்கை விடக்கூடாது என்கிறேன். நல்ல கண்ணாடி ஒன்று நீதிமன்றம் வழியாக வந்தால் அவள் மறுபடி மெஷினில் உட்கார்ந்துவிடுவாள். நேற்று மனு எழுதி அவளிடம் கையெழுத்துக் கேட்டேன். போட்டாள். பாதிப் பெயர் காகிதத்தில் இருக்கிறது, மீதி மேசை விரிப்பில் இருக்கிறது. விரிப்பையும் ஆதாரமாகத் தாக்கல் செய்யலாமா என்று வக்கீலைக் கேட்டுச் சொல்லவும்.

தாமதிக்காமல் ஆவன செய்யவும். வீட்டில் மூத்தவர்களுக்கு என் நமஸ்காரமும் குழந்தைகளுக்கு எங்கள் இருவர் ஆசியும் சொல்லவும். தாங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
நியாயம் கிடைக்கும் வரை ஓயாத
தங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் உங்கள் தங்கைக்கு இதைப் படித்துக் காட்டினேன். பாதியில் கையைத் தூக்கி நிறுத்தினாள். "கடைக்காரர் டாக்டரைப் பத்திச் சொன்னதை இன்னொரு தடவை படிங்க" என்றாள். படித்தேன். "பாவங்க அந்த மனுஷன்" என்றாள். "நீங்க மொத லென்ஸை மாத்தக் கடைக்குப் போன அன்னிக்கே நான் டீச்சரம்மாவோட கண் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துட்டேங்க" என்றாள். கண்ணுக்குப் பின்னால் ஒரு இடம் தேய்ந்துபோய்விட்டதாம். இனி மருந்து கிடையாதாம், முன்னாடியே வந்திருந்தால் கொஞ்சம் நிறுத்தி வைத்திருக்கலாமாம். அந்த 'முன்னாடி' என்பது நாங்கள் முதன்முதலாகக் கண்ணாடிக் கடைக்குப் போன நாள்தான், மச்சான். அன்றைக்கு அவளைப் பேச விட்டிருந்தால் அந்தக் கோட்டுக்காரரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார். நான்தான் கடைசி வரி வரைக்கும் படித்தேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று சண்டை போட்டேன். "நீங்க ஒவ்வொரு தடவை கடைக்குக் கிளம்பறப்பவும், ஒருவேளை டாக்டர் சொன்னது தப்பு, கண்ணாடிதான் கெட்டதோன்னு நெனச்சுப்பேங்க. நீங்க திரும்பி வர்ற வரைக்கும் நல்லா இருக்கும்" என்றாள்.

வக்கீல் வேண்டாம். நாளைக்கு நான் கடைக்காரரிடம் போய் நிற்க வேண்டும். நீங்கள் மட்டும் சீக்கிரம் கிளம்பி வாருங்கள். நேரே பார்த்தால் அவளுக்கு ஆள் முகம் தெரிவதில்லையாம், ஓரக்கண்ணில்தான் கொஞ்சம் தெரிகிறதாம். அதனால் வந்தால் எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினால் தப்பாக நினைக்க வேண்டாம். அப்போது உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.