சுரீர் சார் தொட்டால்

டில்லியில் ஜனவரிக் குளிருக்குப் பயப்படாதவர்களைக்கூடக் காட்டிவிடலாம்; எங்கள் 'சுரீர்' சாருக்குப் பயப்படாதவரைக் காட்ட முடியாது. எழுபதுகளின் கடைசியில் காப்புரிமை அலுவலகத்தில் அவர் வழக்குகளை முடிவு செய்யும் அதிகாரி, நான் அவருடைய ஸ்டெனோ. எப்போதும் டெரிலின் சட்டை, மேலே கம்பளி ஸ்வெட்டர். தொட்டால் சுரீரென்று ஷாக் அடிக்கும். பாராட்டித் தட்டினாலும் அதே ஷாக்தான். ஃபைலை மேஜையில் போட்டுவிட்டு ஓடிவிடுவேன்.

"ஏம்ப்பா ஓடறே? நான் என்ன புலியா?" என்பார். புலியென்றால் கூண்டிலாவது போட்டிருப்பார்கள்.

அந்தக் குளிரில் ஒரு வழக்கு. கோயமுத்தூர்க்காரர் ஒருவர் டெரிலின் நூலை ஏதோ மருந்தில் முக்கி, சூடு காட்டி, ஷாக் அடிக்காமல் செய்து, அதற்குக் காப்புரிமை கேட்டிருந்தார். துவைத்தாலும் அந்தக் குணம் போகாதாம். வேலையை விட்டுவிட்டு இதையே நம்பியிருந்தார். ஒரு பெரிய மில் எதிர்த்தது. முக்குவதும் பழசு, சூடு காட்டுவதும் பழசு, இரண்டையும் சேர்ப்பது யாருக்கும் தோன்றக்கூடியதுதான், அதற்கெல்லாம் காப்புரிமை கிடையாது என்றது. சுரீர் சாரும் அப்படியே முடிவு செய்தால் மனிதர் நடுத்தெருவில்தான்.

விசாரணைக்கு முந்தின வாரம் சார் என் தோளைத் தொட்டார். ஷாக் இல்லை! ஆபீஸே கிலி பிடித்துப் போயிற்று. மனிதருக்கு உள்ளே ஏதோ அணைந்துவிட்டதென்று எனக்கு இரண்டு வேளை சோறு இறங்கவில்லை.

விசாரணையில் மில்லின் கெமிஸ்ட், நம்மூர்க்காரர்தான், "இது யாருக்கும் தோணும் சார்" என்றார்.

சார் விரலை நீட்டினார். ஷாக் சமாசாரம் கேள்விப்பட்டிருப்பார் போல, கெமிஸ்ட் நாற்காலியோடு பின்வாங்கினார்.

"உங்க மில்லுல இந்த ஷாக் தொல்லை உண்டா?"

"ரொம்ப வருஷமா சார். நூல் ஒட்டிக்கிட்டு மெஷினே நின்னுடும்."

"அச்சா. முக்கவும் தெரியும், சூடு காட்டவும் தெரியும். அப்புறம் ஏன் பண்ணலை?"

"அது... தோணலை சார்."

"விடையைப் பார்த்தப்புறம் எல்லாருக்கும் கணக்கு சுலபம்தான்யா!"

கோயமுத்தூர்க்காரர் எழுந்தார். "அப்ப எனக்குக் கெடைக்குமுங்களா?"

சார் கை நீட்டினார். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கொடுத்தார். ஒன்றும் ஆகவில்லை.

"இது நீங்க மாதிரிக்கு அனுப்பின துணியில தைச்ச சட்டைதான்யா. எங்க கிட்வாய் நகர் வீட்டுத் தண்ணியில தினம் துவைச்சுப் போட்டுப் பார்த்துட்டேன். கிடைக்கும், போங்க."

அதன் பிறகு அந்தச் சட்டைதான். யாரும் அவருக்குப் பயப்படவில்லை. ஆபீஸில் உப்புச் சப்பே இல்லாமல் போயிற்று.

சார் ஓய்வு பெற்ற அன்றும் நல்ல குளிர். என்ன நினைத்தாரோ, பழைய டெரிலினில் வந்து நின்றார். எல்லோரும் எட்ட நின்று கும்பிட்டு நகர்ந்தார்கள். நான் போய்க் கையைப் பிடித்தேன். சுரீரென்றது. அப்பாடா என்றிருந்தது, கையை விட மனசு வரவில்லை.