மூத்த மாப்பிள்ளை கிரேப்பு வீசிய படலம்

கேஸ் அடுப்பின் நீலச்சுடரே, காப்பு! பிடித்தவன் கையைச் சுடும் இரும்புத் தவாவே, காப்பு! வாழ்க எங்கள் தெருவின் லிஃப்ட் மெக்கானிக்! மாடமாளிகைகளின் இருண்ட குடல்களுக்குள் புகுந்து, நடுவழியில் நின்றுபோன பெட்டிகளில் வியர்த்துக் கதறிய மாந்தரை மீட்ட மாவீரன்; கிரீஸ் நாறும் கரத்தோன்; மேலே போனது கீழே வந்தே தீரும் என்ற பேருண்மையைச் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்றவன்; மூத்த மாப்பிள்ளை என்னும் மணிமுடி தரித்த மன்னவன். அன்னவன் ஒரு ஞாயிறு மாலையில், மாவும் முட்டையும் பாலும் கலந்த மெல்லிய வட்டம் ஒன்றை அந்தரத்தில் ஏற்றி இறக்கப் புகுந்து பட்ட பாட்டைப் பாடுகிறோம். வேலை இருப்பவர்கள் போகலாம்.

பகை எதனால் மூண்டது? சகலையால் மூண்டது. குடும்பத்தில் வேறு எதனால் மூளும்? இளைய மாப்பிள்ளையானவர் பல் வைத்தியர். பிறர் வாயைத் திறக்கவைத்தே பிழைப்பவர், தம் வாயை மட்டும் மூடி அறியாதவர். பிரான்சுக்குப் போய்வந்த அந்தப் பெருமகனார், தம் வீட்டு விருந்தில் மாமியார் காணக் கிரேப்பு என்னும் பிரெஞ்சுத் தோசை சுட்டார். சுட்டதோடு நின்றாரா? தவாவை ஒரு சுண்டு சுண்டி, அந்தப் பண்டத்தை ஆகாயத்தில் புரட்டிப் பிடித்தார். மாமியார் கைதட்டினார்! கொசு அடிக்க அல்லாது வேறெதற்கும் கைதட்டி எவரும் கண்டிராத மாமியார்! மூத்தவன் நெஞ்சில் வேல் பாய்ந்தது. தட்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்து முழங்கினான்:

"அத்தே, அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் நம்ம வீட்டுக்கு வாங்க. இவர் போட்டது என்ன உயரம்? நான் போடறேன் பாருங்க!"

அவன் மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள் என்பது கூட இருந்தவர்கள் சொன்னது.

அந்த வாரம் முழுவதும் அவன் லிஃப்ட் குழிகளில் அமர்ந்து கைப்பேசி வழியே கல்வி பயின்றான். காற்று ஓயாத பிரிட்டனி என்னும் கடலோரச் சீமையில் கிரேப்பு செழித்த கதையைக் கற்றான். கருநிற மாவில் சுட்டு முட்டையும் சீஸும் வைத்து மடிப்பது ஒரு குலம், வெள்ளை மாவில் சுட்டுச் சர்க்கரை தூவுவது மறு குலம் என்று வம்சாவளி அறிந்தான். பிப்ரவரித் தொடக்கத்தில் வரும் மெழுகுவர்த்தித் திருநாளில் அந்நாட்டார் இடக்கையில் தங்கக் காசைப் பற்றி, வலக்கையால் கிரேப்பை வீசிப் புரட்டுவர், அது மடங்காமல் தவாவிலேயே விழுந்தால் ஆண்டு முழுதும் அவ்வீட்டில் குறைவில்லை என்று படித்தபோதோ, குழிக்குள்ளேயே குதித்தான். சகலை காசு பிடிக்கவில்லையே! வெறுங்கையோடு வீசியது எப்படிச் செல்லும்?

"இது ஆகஸ்ட் மாசம்ங்க," என்றாள் மனைவி. வீரர் காலண்டர் பார்ப்பதில்லை. கல்யாணத்துக்கு மாமியார் போட்ட தங்கக் காசு பீரோவிலிருந்து வெளிப்பட்டது.

போர்நாள் புலர்ந்தது, அதாவது சாயங்காலம் ஐந்து மணி ஆயிற்று. மாமியார் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்தார். கொழுந்தி சுவரில் சாய்ந்தாள். பல் வைத்தியர், நோயாளியின் எக்ஸ்ரேயைப் பார்ப்பவர்போல் மாவை உற்றுப் பார்த்து, "கொஞ்சம் கெட்டியோ?" என்று முதல் கணையை எய்தார்.

முதல் கிரேப்பு தவாவைக் கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. சுரண்டி எடுத்ததைப் பீரோ உச்சியில் வைத்து, முதல் கிரேப்பை அங்கே வைப்பதும் அந்நாட்டு வழக்கமே என்று அறிவித்தான். "எறும்பு வரும் மாப்ளே," என்றார் மாமியார். இரண்டாவது, போர்வைக்கு நிகரான தடிமனோடு பிறந்து, வீசுவதற்கு மறுத்தது. மூன்றாவது எழுந்தது, பாதி வழியில் மனம் மாறியது, கைக்குட்டைபோல் மடிந்து அடுப்பின் விளிம்பில் விழுந்தது.

"சகலை, மணிக்கட்டுல இருக்கு விஷயம்," என்றார் பல் வைத்தியர், போர்வையைச் சர்க்கரை தொட்டுத் தின்றபடி.

"அந்தக் காசைக் கீழ வச்சுட்டு ரெண்டு கையாலயும் பிடிங்களேன்!" என்றாள் மனைவி.

"காசு இல்லாட்டி அது வெறும் கிரேப்பு!" என்று கர்ஜித்தான் கோமகன்.

நான்காவது வார்க்கப்பட்டது. ஆகா, அதன் மென்மை! அதன் வட்டம்! விளிம்பு பொன்னிறமாகி, ஓரம் தானே எழும்பி, வா வா என்று அழைத்தது. வலக்கையில் மலையெனக் கனத்த தவா. இடக்கையில் வெண்ணெயும் வியர்வையும் பூசிய காசு. வலக்கரம் தாழக் கண்ட இடக்கரம், உடன்பிறந்த பாசம் தாளாமல் உதவிக்குப் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் விரல் விரிந்தது. விரிந்த விரலிடை வழுவிய காசு மாவுக் கிண்ணத்தில் 'ளக்' என்று மூழ்கியது.

"ஐயோ, என் காசு!" என்று மாமியார் அலறினார், கொடுத்து இத்தனை வருஷம் ஆன பிறகும்.

நாற்காலி சாய்ந்தது. நால்வரும் கிண்ணத்தின்மேல் கவிந்தனர். கொழுந்தி கரண்டியால் துழாவினாள். பல் வைத்தியர் சட்டைக் கையை மடித்தார். "கரண்டிக்கெல்லாம் வராது, அப்படியே வடிகட்டுடி," என்று மாமியார் ஆணையிட, மனைவி சிங்க்கில் வடிகட்டியை வைத்து அதன்மேல் கிண்ணத்தைக் கவிழ்த்தாள்.

அந்த நொடியிலேதான், தள்ளாடிய தவாவை இரு கரத்தாலும் இறுகப் பற்றி, கருகவிடேன் என் கடைசிப் படையை என்று பல்லைக் கடித்து, நின்ற லிஃப்டை நெம்பித் தூக்கிய தோள்வலி அத்தனையும் திரட்டி, எங்கள் தலைவன் ஒரு சுண்டு சுண்டினான். எழுந்தது கிரேப்பு! குழல்விளக்கை உரசும் உயரம் எழுந்தது, முழுநிலவென விரிந்தது, ஒருமுறை, ஒரே முறை, சோம்பலாய்ப் புரண்டது, ஒரு சுருக்கமில்லாமல், விளிம்பு விளிம்போடு பொருந்த, தவாவில் வந்து படுத்தது.

கைதட்டல் கேட்டது!

கண்கள் பனிக்கத் திரும்பினான். நான்கு முதுகுகள் தெரிந்தன.

"கிடைச்சிருச்சு, கிடைச்சிருச்சு!" என்று மாமியார் கைதட்டிக்கொண்டிருந்தார்.

காசைக் கழுவி முந்தானையில் துடைத்த பிறகே நால்வரும் திரும்பினர். பல் வைத்தியர் தவாவை எட்டிப் பார்த்தார். "அட, திருப்பிட்டீங்களா? கரண்டியாலதானே?"

"வீசினேன் சகலை! லைட் வரைக்கும் போச்சு! சத்தியமா!"

"யாரு பார்த்தா?"

மனைவியைப் பார்த்தான். அவள் சிங்க்கைப் பார்த்தாள்.

"மாப்ளே பொய் சொல்ல மாட்டாரு," என்றார் மாமியார், நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்து. "எங்க, இன்னொண்ணு போடுங்க. இந்தத் தடவை கண்ணைச் சிமிட்டாம பார்க்கிறேன்."

கேட்டான் கொற்றவன், தோள்கள் பூரித்தன, மார்பு விம்மியது, கைக்கு வந்துவிட்ட வித்தையின் செருக்கு முகமெங்கும் ஒளிர, சுடர் தணித்து, தவாவில் வெண்ணெய் தடவி, அது பொரிந்து பாடும் போர்ப்பரணியைச் செவிமடுத்து, கரண்டியைச் செங்கோலென ஏந்திக் கிண்ணத்தின் பக்கம் கம்பீரமாகத் திரும்பினான்.

கிண்ணத்தில் மாவு இல்லை.