எட்டுப் புள்ளி இரண்டு

மூன்றாவது சோதனையிலும் ரத்த அளவு ஏறவில்லை. எட்டுப் புள்ளி நாலில் இருந்தது எட்டுப் புள்ளி இரண்டுக்கு இறங்கியிருந்தது.

"இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

வெங்கடேஷ்பாபுவுக்குச் சுருக்கென்றது. ஆபீசில் பதினோரு வருடமாக வருகைப் பதிவேடு பார்ப்பவர் அவர். வீட்டுக் காலண்டரிலும் பாலுக்குப் போடும் டிக்குக்குப் பக்கத்தில், கர்ப்பிணி மனைவி வித்யாஸ்ரீயின் மாத்திரைக்கு ஒரு டிக் போட்டுவந்தார். காலி அட்டைகளை நூலில் கட்டி வைத்திருந்தார். அந்தக் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "பத்துக்குக் கீழ இருந்தா இங்க பிரசவம் பார்க்க முடியாது. ரெண்டு மாத்திரையா குடுங்க."

"வாயெல்லாம் துருப்பிடிச்ச மாதிரி இருக்குங்க, குமட்டுது" என்றாள் வித்யாஸ்ரீ. வாந்தி வந்தால் வசதி என்று மாத்திரையோடு பின்கட்டுக்குப் போய், மாட்டுக்கு வைக்கும் கழுநீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துவிட்டு வருவாள். நல்ல யோசனைதான் என்று அவரும் டிக் போடுவார்.

அடுத்த மாதம் எட்டு.

"பரம்பரை ரத்தக் கோளாறா இருக்கலாம். அவங்க அப்பா அம்மா, நீங்க, எல்லாரும் டெஸ்டுக்கு ரத்தம் குடுங்க" என்றார் டாக்டரம்மா.

சிம்மக்கல்லில் கடை வைத்திருந்த மாமனார் துளசிராம் கொதித்துப் போனார். "நெய் ஊத்தி வளர்த்த பொண்ணு மாப்ள. வெளுத்தது உங்க வீட்டுக்கு வந்தப்புறம்தான்."

வெங்கடேஷ்பாபுவின் அம்மா லலிதாம்பாள் சும்மா இருப்பாரா? "வரும்போதே வெளுத்துத்தான் வந்தா சம்பந்தி. நாங்கதான் பவுடர்னு நெனச்சுட்டோம்."

அத்தோடு சீமந்தப் பேச்சு நின்றது. ஊசியைக் கண்டாலே மயங்கும் வெங்கடேஷ்பாபு முதல் ஆளாகக் கை நீட்டினார், மயங்கினார். அதைப் பார்த்த பிறகுதான் மாமனாரும் மாமியாரும் வேண்டாவெறுப்பாகக் கை நீட்டினார்கள்.

சென்னைக்கு அனுப்பிய சோதனையின் முடிவு வந்தது. யாருக்கும் கோளாறு இல்லை. வித்யாஸ்ரீக்கும் இல்லை.

நிம்மதி அரைமணி நேரம் நீடித்தது.

"ரத்தத்துல குறை இல்லேன்னா சோத்துலதான் குறை" என்று துளசிராம் மறுநாள் காலையில் ஆட்டோவோடு வந்துவிட்டார். மகளின் பெட்டியைத் தானே தூக்கி வைத்தார். "பிரசவம் ஆனாலும் திருப்பி அனுப்புறதப் பத்தி யோசிக்கணும்."

பிள்ளை முகத்தைக்கூட மாமனாரிடம் அனுமதி கேட்டுத்தான் பார்க்க வேண்டுமோ என்று பயந்தார் வெங்கடேஷ்பாபு. உள்ளே ஓடிப்போய்க் காலண்டரைக் கழற்றி வந்தார்.

"பாருங்க மாமா. நாலு மாசம், ஒருநாள் தவறல."

வித்யாஸ்ரீ அவசரமாக ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

வாசலில் மாட்டைக் கறந்துகொண்டிருந்த பால்காரர் விருமாண்டி, செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"சார், அம்மா கெளம்புறதுக்கு முந்தி ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. நாலு மாசமா கழுநீர்ல மாத்திரை போட்டு வைக்கிறாகளே, என் மாட்டுக்கு அப்படி என்ன வியாதி?"