ஆணி அடிக்கக் கூடாத வீடு

வாடகைக்கு விடுவதற்காக முதல்முறையாக வீடு வாங்கப் போகிறவர்களே, என்னைக் கேளுங்கள். உருப்படுவீர்கள். என் மனைவியைக் கேட்காதீர்கள். அவள் சிரிப்பாள்.

நான் ஒன்றும் தெரியாமல் வாங்கவில்லை. கோட் போட்ட ஆலோசகர் ஒருவர் நடத்திய இலவச வகுப்புக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் வாங்கினேன். முடிவில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்தார். 'திறமையான வீட்டு உரிமையாளர்' என்று தங்க எழுத்து. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னைத் திறமையானவன் என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட ஒரே மனிதர் அவர்தான்.

அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். வாடகை வீட்டின் மேல் பாசம் வைக்காதே, அது தொழில். குடியிருப்பவர் ரிப்பேர் என்றால் அன்றைக்கே செய்து கொடு. முந்தின நாளே சொல்லாமல் அங்கே போய் நிற்காதே. தப்பான ஆளுக்கு விடுவதைவிடப் பூட்டியே வை.

கடைசியில் சொன்னதை மட்டும் நான் கொஞ்சம் அதிகமாகவே கடைப்பிடித்துவிட்டேன்.

வாங்கியது அடுக்குமாடியில் ஒரு வீடு. என் சம்பளத்தைப் பார்த்து வங்கிக்காரர் உதட்டைப் பிதுக்கியதால், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவியின் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டினேன். அதனால் பத்திரத்தில் பாதி அவள் பெயர். வெறும் கையெழுத்துதானே என்று நினைத்தேன். இந்த இடத்தில் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டை இழைத்து இழைத்துத் தயாராக்கினேன். சுவருக்குப் பாலாடை நிறம். சமையலறையில் சுண்டுவிரலால் தள்ளினாலே திறக்கும் குழாய். அவளைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அந்தக் குழாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள்.

"ஒழுகவே இல்லைங்க!"

"எப்படி ஒழுகும்? அசல் பித்தளை!"

"நம்ம வீட்டுக் குழாய்ல நான் துணி சுத்தி எத்தனை வருஷமாச்சு தெரியுமா?"

"அது நாம இருக்கற வீடு. இது தொழில்."

அவள் குழாயை இன்னொரு தடவை திறந்து மூடினாள். அன்றைக்கே நான் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்தது ஆள் தேர்வு. நிபந்தனைகளை நானே யோசித்து உருவாக்கினேன். சுவரில் ஆணி கூடாது. பாட்டு கூடாது. விருந்தாளி தங்கக் கூடாது. பத்து மணிக்கு விளக்கு அணைய வேண்டும். சத்தமாகச் சிரிக்கக் கூடாது.

புதுசாகக் கல்யாணமான ஜோடி வந்தது. வாசலிலேயே சிரித்தது. போகச் சொன்னேன். டாக்டர் ஒருவர் வந்தார். ராத்திரியில் போன் வருமாம். போகச் சொன்னேன். டிரம்ஸ் வாத்தியார் ஒருவர் வந்தார். அவர் தொழிலைச் சொல்லி முடிப்பதற்குள் கதவைச் சாத்தினேன்.

மாதங்கள் ஓடின. வீடு காலியாகவே ஜொலித்தது. வங்கிக் கடன் தவணை மட்டும் தவறாமல் வந்தது.

"என் சம்பளம் முழுசா அந்தப் பூட்டின வீட்டுக்கே போகுது" என்றாள் மனைவி. "பேசாம ஒரு போட்டோவுக்கு வாடகைக்கு விட்டுடுங்க. அதுதான் சிரிக்காது, பாடாது."

"போட்டோவை எப்படி மாட்டறது? ஆணி அடிக்கக் கூடாதே!"

நான் மடக்கிவிட்டேன் என்று பூரித்தேன்.

"சரி, பொறுப்பை என்கிட்ட விடுங்க. ஆளை நான் பிடிக்கிறேன்."

"என் நிபந்தனையில ஒண்ணைக்கூட விட்டுத்தர மாட்டேன். உயிரே போனாலும் மாட்டேன்!"

"ஒண்ணையும் மாத்தல. அத்தனைக்கும் ஒத்துவர்ற ஆளாப் பார்த்து வைக்கிறேன். அப்புறம் நீங்க பேச்சு மாறக் கூடாது."

"நானா? நான் சொன்னா சொன்னதுதான்!"

அந்த வாரம் முழுக்க அவள் பழைய சாமான் கழிக்கிறேன் என்று எதையெதையோ அட்டைப்பெட்டிகளில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒழிந்தது என்று நானும் இரண்டு பெட்டிக்குக் கயிறு கட்டி முடிச்சுப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. "ஆள் வந்துடுவாங்க. நீங்க முன்னாடியே போய் வாசல்ல கம்பீரமா நில்லுங்க" என்று அனுப்பி வைத்தாள். இஸ்திரி போட்ட சட்டை, கையில் சாவி, மனசுக்குள் ஒரு வரவேற்புரை. கம்பீரமாகவே நின்றேன்.

வேன் வந்தது. முதலில் ஒரு சோபா இறங்கியது. ஒரு காலுக்குப் பதில் செங்கல். முகம் சுளித்தேன். இப்படிச் சோபா வைத்திருக்கிறவன் வாடகையை ஒழுங்காகத் தருவானா? அடுத்து கைப்பிடி இல்லாத பீரோ. ஒரு கைப்பிடி வாங்கி மாட்டத் துப்பில்லாத சோம்பேறி! அதற்கடுத்து மூன்று இறக்கையில் ஒன்று வளைந்த மின்விசிறி.

"ஏம்ப்பா, இந்த வீட்டு ஆம்பளை எப்படிப்பட்டவர்?" என்று சுமைதூக்குகிறவரிடம் விசாரித்தேன்.

"எங்களுக்கென்ன சார் தெரியும்? ஒண்ணுக்கும் ஆகமாட்டார்னு அந்தம்மா சொன்னாங்க."

நினைத்தேன்! பாவம் அந்தப் பெண் என்று பரிதாபப்படும்போதே அடுத்த பெட்டி இறங்கியது. அதைக் கட்டியிருந்த கயிற்றில் என் முடிச்சு. தினமும் உட்கார்ந்தும் அந்தச் சோபாவை நான் ஒருநாளும் கவனித்துப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வேனின் முன்சீட்டிலிருந்து மனைவி இறங்கினாள்.

"என்னடி இது?"

"உங்க நிபந்தனைக்கெல்லாம் ஒத்துவர்ற குடும்பத்தை ஊரெல்லாம் தேடினேங்க. கடைசியில நாமதான் தேறினோம். நம்ம வீட்டுல பாட்டு உண்டா? விருந்தாளி யாராவது தங்கியிருக்காங்களா? பத்து மணிக்கு நீங்களே விளக்கை அணைச்சிடறீங்க. சத்தமா சிரிச்சு எத்தனை நாளாச்சு?"

"நம்ம வீடு?"

"அதுக்கும் ஆள் வந்தாச்சு. நீங்க கதவைச் சாத்தினீங்களே, அந்த டிரம்ஸ் வாத்தியார். அது தனி வீடு, யாருக்கும் தொந்தரவு இல்ல. அவர் தர்ற வாடகை தவணைக்குப் போயிடும்."

"முடியாது! நான் வரமாட்டேன்!"

அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "முகம் தெரியாத ஒருத்திக்கு நீங்க பித்தளைக் குழாய் பார்த்துப் பார்த்து வாங்கினீங்க. எனக்கு ஒரு வாஷர் வாங்கித் தரல. எனக்குக் கோபம் வராதா?"

கையில் இருந்த சாவியை அவளிடம் நீட்டினேன். ஆனால் நான் பணிந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அன்று சாயங்காலமே பழைய வீட்டுக்கு வீறாப்பாகப் போனேன். என் வீடு! என்னை யார் தடுப்பது?

வாத்தியார் தடுத்தார். கதவைப் பாதி திறந்துகொண்டு, "சார், வீட்டுக்காரர் முந்தின நாளே சொல்லிட்டுத்தான் வரணுமாமே? அது உங்க கொள்கையாம். அம்மா சொன்னாங்க" என்றார்.

"நான் ஒரு நிமிஷம்..."

"ரிப்பேர்னா இன்னைக்கே வரலாமாம். சமையலறைக் குழாய் ஒழுகுது சார்."

பொங்கி எழுந்தேன். எழுந்த வேகத்திலேயே கடைக்குப் போய் ஒரு குழாய் வாங்கி வந்தேன். என் சொந்த வீட்டுக்குள் நுழைய எனக்கு வேறு வழி இல்லை. நான் மண்டியிட்டுக் குழாய் மாட்ட, பின்னால் அவர் தாளம் போட்டார். மாட்டி முடித்தபோது துணி சுற்றியிருந்த அந்தப் பழைய குழாய் என் கையில் இருந்தது. அரை மணி வேலை. எனக்கே வெட்கமாக இருந்தது. யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

புது வீட்டுக்குத் திரும்பும்போது தீர்மானித்துவிட்டேன். எங்கே இருந்தால் என்ன? நான் வீட்டு உரிமையாளன். அதைச் சுவரே சொல்லட்டும். சான்றிதழை எடுத்தேன். ஆணியை எடுத்தேன். சுத்தியலை ஓங்கினேன்.

"என்னங்க, ஆணி கூடாது" என்றாள் சமையலறையிலிருந்து. அந்தக் குழாய் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"அது குடியிருக்கறவங்களுக்கு! நான் வீட்டு ஓனர்! நான் அனுமதி கொடுக்கிறேன்!"

"தாராளமாக் கொடுங்க. உங்க பாதிக்குக் கொடுத்துட்டீங்க, அந்தச் சுவர் என் பாதியில இருக்கு."