மாமனார் வீட்டில் நான் மாட்டிய ரவுட்டர்

நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் இருக்கிற மாப்பிள்ளையை மாமனார் வீட்டில் எந்த வேலையும் செய்ய விடக் கூடாது. பேர் வாங்கும் வெறியில் எதையாவது செய்து தொலைப்பான். நான் தொலைத்தேன்.

எனக்கு இராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் கடையில் வேலை. பெண் ஸ்டெல்லாவின் வீடு இராமேஸ்வரத்தில், மாமா விசைப்படகுக்காரர். தவக்காலம் முடிந்து, ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணம். அதுவரை சும்மா இருந்திருக்கலாம். (இருந்திருந்தால் இதை எதற்கு எழுதப் போகிறேன்?) வீட்டில் நெட் மெதுவாக வருகிறது என்று ஸ்டெல்லா ஒரு வார்த்தை சொன்னாள். மறுநாளே புது ரவுட்டரோடு பாம்பன் பாலம் தாண்டினேன். அதற்கான செயலியை என் போனில் ஏற்றி, வீட்டுப் போன்களை அவரவர் பெயரில் சேர்த்து, கேட்டதற்கெல்லாம் 'சம்மதம்' என்று அமுக்கினேன். நெட் சரியாக வருகிறதா என்று பார்க்கும் சாக்கில் அந்த வாரமே இன்னும் மூன்று தடவை போனேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பிட உட்கார்ந்தோம். தவக்கால ஒறுத்தலாக மாமா போனில் சீட்டாடுவதை விட்டிருந்தார், அத்தை சீரியலை விட்டிருந்தார். இருவரும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் போன் சிணுங்கியது. 'உங்கள் வீட்டின் வார அறிக்கை' என்றிருந்தது.

"பாத்தீங்களா மாமா, என்னென்ன வசதியெல்லாம் குடுத்திருக்கான்!" என்று சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன். தவளை தன் வாயால் கெடும்.

"மாமா போன்: சீட்டாட்டம், பதினோரு மணி நேரம். அத்தை போன்: சீரியல், ஒன்பது மணி நேரம்."

மாமாவின் கையிலிருந்த மீன் துண்டு குழம்பிலேயே விழுந்தது. அங்கேயாவது நிறுத்தியிருக்க வேண்டும். வாய் நின்றால்தானே?

"மாப்பிள்ளை போன்: பெண் பார்க்கும் தளம், மூன்று மணி நேரம்."

அந்தத் தளத்தில் இருந்த என் பழைய பதிவை நான் அழிக்கவில்லை. என் படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிப் பார்க்கும் சபலம். (சத்தியமாக அவ்வளவுதான்!)

ஸ்டெல்லா எழுந்துவிட்டாள். "எங்க வீட்டுல யாரு என்ன பாக்குறாகன்னு இந்த டப்பா ஒங்களுக்குச் சொல்லுமா? யாரக் கேட்டு?"

"எனக்கே தெரியாது ஸ்டெல்லா. டப்பா மேல ஒண்ணும் போடலயே."

"உள்ள போட்டிருப்பான். படிச்சீகளா?"

"சம்மதம்னு அமுக்குனேன்."

"எங்களுக்கும் சேத்தா?"

போனைக் கவிழ்த்து வைத்தேன். "அய்யா, இந்தக் கல்யாணம் வேணுமான்னு யோசிக்கணும்" என்றாள் தன் அப்பாவிடம். கடைக் கணக்கில் ஒரு ரவுட்டரைக் குறைத்துவிட்டு, கூடவே ஒரு கல்யாணத்தையும் குறைத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

மாமா குழம்பில் விழுந்த மீன் துண்டை எடுத்துத் தட்டில் வைத்தார். "விடு ஆத்தா. இங்கன உக்காந்திருக்கதுல யோக்கியன் யாருமில்ல" என்றார்.

அவள் கண் முன்னாலேயே செயலியையும் பதிவையும் அழித்தேன். அப்படியும் ஒரு நிபந்தனை போட்டாள். இனி நான் எதில் சம்மதம் சொன்னாலும் முழுக்கச் சத்தமாக வாசித்த பிறகே சொல்ல வேண்டும். கல்யாணத்தன்று பங்குத்தந்தை பதிவேட்டை நீட்ட, ஸ்டெல்லா பேனாவைத் தராமல் "வாசிங்க" என்றாள். அச்சகத்தின் பெயர் வரை வாசித்தேன். வெளியே பிரியாணி ஆறியது.

அதிலிருந்து அந்த வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, "மாப்ள, ஆரம்பிங்க" என்பார்கள். போன வாரம் மாமாவின் பிரஷர் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்திருந்த காகிதத்தைப் பக்கவிளைவுகள் உட்பட வாசித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்குச் சம்மதமில்ல" என்று மாத்திரையை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.