வாசலில் நின்ற கார்

பள்ளிபாளையம்.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அங்கமுத்து அவர்களுக்கு, உங்கள் அக்கா வீட்டுக்காரன் சின்னுசாமி எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் அக்கா உஷாராணி, மகள் சத்யபிரியா மூவரும் நலம். கொண்டப்பநாயக்கன்பட்டியில் உங்கள் புது வீட்டு மார்பிள் தரையும், அதில் நடமாடும் எல்லோரும் நலம்தானே? ஒரு மாதமாக நீங்கள் போனை எடுப்பதில்லை. பெரிய மனிதர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். முப்பத்து நாலு வருஷம் தபால் ஆபீசில் முத்திரை குத்தியவனுக்குக் கடிதம் எழுதவா தெரியாது?

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நம்மூர் விசைத்தறிச் சங்கம் என் மகளுக்குப் பாராட்டு விழா நடத்துகிறது. சால்வை, கேடயம், மேடையில் நடு நாற்காலி, எல்லாம் உண்டு. எந்த மகள் என்கிறீர்களா? நீங்கள் "மஞ்ச நோட்டீஸ் வக்கீல்" என்று பேர் வைத்தீர்களே, அவளேதான். கடன் முற்றிக் கையை விரித்தவன் மஞ்சள் நோட்டீஸ் விட்டுவிட்டான் என்று நம் பக்கம் சொல்வது வழக்கம்தான். அதற்காக, அந்தத் திவால் கேஸ் நடத்துகிறவளைக் கண்டாலே கதவைச் சாத்துவதா? அவளுடைய முதல் கேஸ் எப்படி வந்தது தெரியுமா? ஜலகண்டாபுரத்தில் கூடப் படித்த இனியாவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று பார்க்கப் போனாள். வக்கீல் ஸ்டிக்கர் ஒட்டிய காரை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே போய்க் குழந்தையைக் கையில் வாங்கியதுதான் தாமதம், நூல் கடைக்காரர், சாயப்பட்டறைக்காரர், சீட்டுக்காரர் என்று கடன் கொடுத்த பதினோரு பேர், வீட்டுக்காரர் மஞ்சள் நோட்டீஸ் விடப்போகிறார் என்று பயந்து கேட் அருகே வந்து நின்றுவிட்டார்கள். இனியாவின் வீட்டுக்காரர் வீரபாகு, நான் நல்லாத்தானுங்க இருக்கறேன் என்று குழந்தைமேல் சத்தியம் செய்தும் ஒருவரும் நம்பவில்லை. பதினோரு பேரும் ஒரே நாளில் கேட்டால் எவனால் கொடுக்க முடியும்? சாயங்காலத்துக்குள் மனிதன் நிஜமாகவே மாட்டிக்கொண்டார். என்னால் வந்த வினை என்று இவள் பைசா வாங்காமல் கேஸை எடுத்தாள், பதினோரு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்தாள், தவணை பேசிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் டீயே கொடுத்தாள். வீரபாகுவின் பன்னிரண்டு தறியும் இன்றைக்கும் ஓடுகின்றன.

அதன் பிறகுதான் உங்கள் புதுமனை புகுவிழா. அன்றைக்கு வாசலில் நின்றுகொண்டு அவளிடம் என்ன சொன்னீர்கள்? "சாமி, காரக் கொண்டுபோயி அடுத்த வீதில நிறுத்திட்டு வா. நல்ல நாளும் அதுவுமா இங்க நின்னா சனம் வேற மாதிரி நெனச்சுக்கும்." அவளும் அப்படியே செய்தாள். காரை நிறுத்திவிட்டு, சீராகக் கொண்டுவந்த குத்துவிளக்கைச் சுமந்துகொண்டு உச்சி வெயிலில் நடந்து வந்தாள். அவள் சாப்பிட்டாள். நான் பாயசத்தைத் தொடவில்லை. மூன்று வருஷமாகிறது, மாப்பிள்ளை, எனக்கு இன்னும் எரிகிறது.

அப்புறம் முகாம் கதை. கடனில் தவிப்பவர்களுக்கு இலவச ஆலோசனை என்று கல்யாண மண்டபத்தில் பேனர் கட்டி, இருநூறு பேருக்கு டீ போட்டோம். வந்தவர் ஒருவர்தான். அவரும் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்கவந்தவர், பேனரைப் படித்ததும் அந்த அவசரத்தையும் மறந்து ஓடிவிட்டார். அப்போதுதான் உங்கள் அத்தானுக்கு மூளை வேலை செய்தது. அடுத்த மாதம் 'இலவசக் கண் பரிசோதனை முகாம்' என்று போட்டேன். பொய்யாகிவிடக் கூடாதே என்று நிஜமான கண் டாக்டரையே கூட்டிவந்தேன். அறுபத்து மூன்று பேர்! மூன்று பேருக்குத்தான் கண்ணாடி தேவைப்பட்டது. மீதிப் பேர், கண்ணு நல்லாத்தானுங்க தெரியுது, தூக்கந்தானுங்க வரமாட்டீங்குது என்று டாக்டரிடம் தலையைச் சொறிய, அவர்களைப் பின்னறைக்கு, என் மகளிடம் அனுப்பினேன். இதுவரை ஒன்பது முகாம். எத்தனை வீட்டுப் பத்திரம் பிழைத்தது, எத்தனை பேர் விபரீத முடிவிலிருந்து திரும்பினார்கள் என்று அவள் சொல்ல மாட்டாள். ஆனால் சந்தையில் முன்பின் தெரியாதவர்கள் என்னைக் கண்டால் துண்டை இறக்கிக் கும்பிடுகிறார்களே, அது போதாதா எனக்கு?

இப்போது நிலைமை தலைகீழ். அம்மிணி காரு வாசல்ல நின்னா கடனுக்கு விடிவுகாலம் வந்துருச்சுங்க என்று ஊரே பேசுகிறது. விழா மண்டபத்தின் முன்னால் அவள் காருக்கென்றே சுண்ணாம்புக் கோடு போட்டு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆகவே, மாப்பிள்ளை, ஞாயிறு காலை பத்து மணிக்கு வாருங்கள். மேடை ஏறி, மைக்கைப் பிடித்து, அன்றைக்குச் சொன்ன வார்த்தையை எல்லோர் முன்னாலும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வராவிட்டால் இனி எனக்கும் உங்களுக்கும் போக்குவரத்து இல்லை.

பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சிறியவர்களுக்கு ஆசியையும் பிரித்துக் கொடுக்கவும்.

இப்படிக்கு,
சத்யபிரியாவின் அப்பா
சின்னுசாமி

பி.கு.: உறையை ஒட்டுகிற நேரத்தில் சத்யபிரியா வந்தாள். நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வருகிறாளாம். கார் சாவியை எடுத்து நீட்டினேன். "வேண்டாம்ப்பா, பஸ்ஸுலயே போய்க்கறேன். மாமா ஊட்டு வாசல்ல கார் நிக்கறது நல்லாருக்காது" என்றாள். எதற்குப் போகிறாய் என்று கேட்டேன். தொழில் விஷயம் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். நீங்கள் ஏன் ஒரு மாதமாகப் போனை எடுக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மேலே எழுதிய அத்தனையையும் அடித்துவிடுங்கள். கிழித்துப் போட்டிருப்பேன், மகளைப் பற்றி எழுதிய இடம் நன்றாக வந்துவிட்டது, மனசு வரவில்லை. மைக்கும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வந்து என் பக்கத்தில் உட்காருங்கள், அது போதும். பதினோரு பேரை உட்காரவைத்தவள், உங்களுக்குக் கடன் கொடுத்தவர்களையும் உட்காரவைப்பாள். எதையும் மறைக்காமல் அவளிடம் சொல்லிவிடுங்கள், தைரியமாக இருங்கள். அவள் எதற்கு வந்தாள் என்று அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால், கண்ணாடி கொடுக்க வந்தாள் என்று சொல்லுங்கள். இந்தக் கடிதத்தோடு என் பழைய கண்ணாடியையும் அவள் பையில் போட்டிருக்கிறேன்.